டிவியும் மற்றவையும்

சாம் சுய் போ, ஹாங்காங்
12 செப்டம்பர் 1993

தம்பி கின்-போவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரி மேய்-குவானும் நலமா? உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் கல்லுப் போல இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருமுன் சேதி சொல்லிவிடுகிறது.

விசா வந்துவிட்டது. ஏப்ரல் முடிவதற்குள் மெல்போர்னில் கால் வைக்க வேண்டுமாம். சீனப் புத்தாண்டோடு கடையை மூடுகிறேன். பேஜர் விற்கிற ஒருவன் இடத்தை எடுத்துக்கொள்கிறான். பியூ அண்ணன் மட்டும் ஓரமாக மேசை போட்டு ரிப்பேர் வேலையைத் தொடர்வார்.

ஃபோன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் "உம்... பாக்கலாம்க்கா" என்பாய், நிமிஷம் ஓடிவிடும். தாளில் 'உம்' போட்டு அனுப்ப முடியாது.

விஷயம் இதுதான். நான் டிவியைக் கொண்டு வருகிறேன். இருபத்தொன்பது அங்குலம்.

சிரிக்காதே. தொண்ணூற்றேழில் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போவதற்கு முன்னால் ஊரை விட்டுப் போகிற அத்தனை பேரும் என் கடை வாசலில் நின்று கேட்கிற கேள்வி அதுதான். "முதலாளியம்மா, டிவிய எடுத்துட்டுப் போலாமா, வேணாமா?" நானும் ஒரே பதில்தான் சொல்வேன். "எதுக்குங்க இந்தப் பாரம்? அங்க போய்ப் புதுசா வாங்கிக்குங்க. இத எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க." அப்படி வாங்கியதைத்தான் போகாமல் இருக்கிறவர்களுக்கு விற்கிறேன். அது வியாபாரம். இது என் டிவி. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் விற்றவள் வீட்டில், படத்தின் மூலையில் பச்சை படர்ந்த, எவனும் வாங்காத பெட்டிதான் ஓடியது. கடையை மூடுவது என்று முடிவானதும், காட்சிக்கு வைத்திருந்ததில் பெரியதை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

அலமாரியும் வருகிறது. உனக்குத் தெரிந்த அலமாரிதான், கீழே டிவி, மேல்மாடத்தில், அவர்கள் செத்ததிலிருந்து நாம் கும்பிடுகிற அப்பா அம்மா பெயர்ப்பலகை. புது டிவிக்காகக் கீழ்த்தட்டை மட்டும் தச்சரிடம் சொல்லி அகலப்படுத்தினேன். மேல்மாடத்தில் கை வைக்கவில்லை. தினமும் காலையில் தேநீர் வைத்து, என் பங்கு மூன்று ஊதுவத்தி, உன் பங்கு மூன்று ஊதுவத்தி, எல்லாம் வழக்கம்போல நடக்கிறது.

எனக்கென்று ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாயே, அந்த அறையில் கட்டிலுக்கு எதிர்ச்சுவர் எத்தனை அடி? அளந்து எழுது.

அக்கா
யுக்-லின்

*

மெல்போர்ன்
17 அக்டோபர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? என் வயிறு பரவாயில்லை. இங்கே வசந்தம் வந்துவிட்டது, ஆனாலும் காற்று குளிர்கிறது. வரும்போது கனத்த மேல்கோட்டு எடுத்து வா.

விசா கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த சந்தோஷம். விமான நிலையத்துக்கு நானே வருவேன்.

டிவி வேண்டாமே அக்கா. ஹாங்காங் டிவியில் இங்கே படம் வரும், சத்தம் வராது. ஒளிபரப்பு முறை வேறு. ஊமைப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? நீ வந்ததும் மேசைமேல் வைக்கிற மாதிரிச் சின்னதாக ஒன்று நானே வாங்கித் தருகிறேன். டிவி வரவில்லையென்றால் அலமாரியும் தேவைப்படாது. உனக்கும் பாரம் குறையும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி
கின்-போ

*

சாம் சுய் போ
31 அக்டோபர் 1993

தம்பி கின்-போவுக்கு,

நலமா? இங்கே வெயில் குறைந்து, வேர்க்காமல் வேலை செய்ய முடிகிறது. உனக்குப் பிடித்த, காற்றில் உலர்த்திய தொத்திறைச்சி கடைகளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. இறைச்சியை உள்ளே விடமாட்டார்களாம். இல்லையென்றால் டிவிக்குள் வைத்துக் கொண்டு வருவேன்.

சத்தம் வராது என்பதை, டிவி விற்றே நரைத்தவளிடம் வந்து சொல்கிறாய். உள்ளே ஒரு சின்னப் பாகத்தை மாற்றினால் வரும். பியூ அண்ணன் மாற்றிக்கொண்டிருக்கிறார். மாற்றியும் வரவில்லை என்றால்தான் என்ன? உங்கள் ஊர் டிவியில் பேசுவது இங்கிலீஷ். சத்தம் வந்தாலும் எனக்குப் புரியப்போவதில்லை. வராவிட்டால் என்ன நஷ்டம்? நாடகத்துக்கு வாடகை வீடியோ டேப் போட்டுக்கொள்வேன், அதில் சத்தம் வரும்.

உன் கடிதத்தைப் பியூ அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

"உங்க தம்பிக்கு டிவி மேல பயம் இருக்கிற மாதிரித் தெரியலையே, முதலாளியம்மா."

"பின்ன எது மேல?"

"எனக்கெப்படித் தெரியும்? பின்மூடியக் கழட்டினாத்தான் நான் கோளாறு சொல்லுவேன். மனுசனக் கழட்ட முடியாதே."

சின்ன டிவி வேண்டாம். நம் வீட்டில் டிவி ஓடாமல் என்றைக்காவது சோறு தின்றிருக்கிறோமா? மாலைத் தொடர் தொடங்கும், கிண்ணங்கள் மேசைக்கு வரும். பெரியவர்களை ஒவ்வொருவராகச் சாப்பிடக் கூப்பிடாமல் சோற்றுக் குச்சியைத் தொட்டால் அம்மா உன் விரலில் தட்டுவாள். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா சாப்பிடுங்க, அம்மா சாப்பிடுங்க, அக்கா சாப்பிடு" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வாயில் சோற்றைத் தள்ளுவாய். "யாரக் கூப்பிடறான் பாரு, டிவியில இருக்கிறவளக் கூப்பிடறான்" என்று அப்பா சிரிப்பார். மறந்துவிட்டாயா?

சுவர் அளவு எங்கே?

அக்கா
யுக்-லின்

*

மெல்போர்ன்
28 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. அலுவலகத்தில் வேலை அதிகம். நீயும் பியூ அண்ணனும் நலம்தானே?

நான் விசாரித்துப் பார்த்தேன். இங்கே மரச்சாமான் வந்தால் பூச்சி இருக்கிறதா என்று பிரித்துச் சோதிப்பார்கள். வாரக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். கப்பலில் டிவியின் திரை உடையலாம். மேலும், மேய்-குவானுக்கு வரவேற்பறையில் எல்லாம் வெளிர் நிறத்தில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரிய கறுப்புப் பெட்டி வந்தால் அவள் வருத்தப்படுவாள், வாய்விட்டுச் சொல்லமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களும் வீட்டுக்கு வருவார்கள்.

டிவியைப் பியூ அண்ணனுக்கே கொடுத்துவிடேன். அவர் மனம் குளிரும். அலமாரியில் இருக்கும் மற்றவற்றுக்கு அங்கேயே ஒரு நல்ல ஏற்பாடு செய்துவிட்டு வா. இப்போது வெளிநாடு வருகிற பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன.

குளிர் காலம் வருகிறது, கவனமாக இரு.

அன்புத் தம்பி
கின்-போ

*

சாம் சுய் போ
8 டிசம்பர் 1993

கின்-போ,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை.

'மற்றவை' என்றால் என்ன? ரிமோட்டா? ஆன்டெனா வயரா? இரண்டு பேரை எழுத உன் பேனாவுக்கு என்ன நோய்?

மகன் இருக்கும்போது மகள் ஊதுவத்தி ஏற்றலாமா என்று சித்தப்பா தொடங்கி அத்தனை பேரும் கேட்டார்கள். அவன் வெளியூரில் இருக்கிறான், அவன் பங்கையும் சேர்த்து நான்தான் ஏற்றுகிறேன், உங்களுக்கு என்ன வந்தது என்று ஒவ்வொருவர் வாயையும் அடைத்தேன். கல்யாணம் ஆகாதவள் பேச்சுக்கு வீட்டில் என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். இருந்தும் அடைத்தேன்.

இப்போது எனக்கு ஒரு வரி எழுது. டிவி வேண்டாம் என்கிறாயா, அப்பா அம்மா வேண்டாம் என்கிறாயா?

யுக்-லின்

*

மெல்போர்ன்
4 ஜனவரி 1994

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதம் வந்து இத்தனை வாரமாக அவர் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. அவர் எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஈஸ்டர் அன்று, கின்-போ ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவரே விரும்பி எடுத்தார். உங்களிடம் தானே சொல்லுவதாகச் சொல்லி, நான் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நானும் காத்திருந்தேன்.

அக்கா, ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஊதுவத்தி ஏற்ற முடியாது. அது எங்கள் விசுவாசம். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் சபையார், ஜெபிக்க வருகிறார்கள். உங்கள் அறை தயாராக இருக்கிறது. நீங்கள் வந்தால் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்தான்.

இன்னொன்று. எனக்கு டிவியைப் பற்றி எந்த வருத்தமும் இல்லை. எங்கள் வரவேற்பறை வெளிர் நிறமும் இல்லை. சோபா பச்சை.

அன்புடன்
மேய்-குவான்

*

சாம் சுய் போ
16 பிப்ரவரி 1994

தம்பி கின்-போவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உடம்பு நன்றாக இருக்கட்டும். கடையைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அழுதேனா என்று பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். ஏமாந்து போனாள்.

மேய்-குவானுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். அவளுக்கு இருக்கும் தைரியத்தில் பாதி உனக்கு இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் தபால்தலை மிச்சம்.

நீ யாரைக் கும்பிட்டாலும் அது உன் பாடு. அதற்கு நான் கோபப்படவில்லை. உன் பங்கு மூன்று ஊதுவத்தியை ஏற்றுகிறேன், ஏற்றுகிறேன் என்று ஃபோனிலும் கடிதத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தேனே. வேண்டாம் அக்கா, நான் மாறிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு வருஷம் ஏற்றவிட்டாயே. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேய்-குவான் கடிதம் வந்த அன்றோடு உன் பங்கை நிறுத்திவிட்டேன். வேண்டாதவன் பேரில் ஏற்றுவது கலப்படம். நான் கலப்படச் சரக்கு விற்றதில்லை.

நீ சொன்ன 'நல்ல ஏற்பாட்டை'யும் பார்த்துவிட்டு வந்தேன். மலைமேல் ஒரு கோவில். கூடம் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, வெளிநாடு போனவர்களின் பெற்றோர், பலகை பலகையாக. பொறுப்பாளர் நல்ல மனிதர்தான்.

"இங்க வெச்சுட்டா கவலையே இல்லம்மா. தினமும் மந்திரம், விசேஷ நாள்ல படையல். நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

"பக்கத்துல யாரு?"

"அது தெரியாதும்மா. நம்பர் வரிசைதான்."

"எங்கம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பேரு தெரியலன்னா தூக்கம் வராது. சாயங்காலம் டிவி உண்டா?"

"டிவியா? கோவிலும்மா இது."

"அப்பச் சரிப்படாது. எங்கம்மாவுக்கு நாடகம் இல்லாமச் சோறு இறங்காது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆக, முடிவு இதுதான். நான் வருகிறேன். டிவி வருகிறது. அலமாரி வருகிறது. அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். உன் வீட்டுக்கு இல்லை. உன் மனைவி வீட்டில் ஊதுவத்தி கூடாது என்றால் கூடாதுதான், அவள் வீடு. என் வீட்டில் என்ன கூடும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா
யுக்-லின்

*

மெல்போர்ன்
6 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு மொழி தெரியாது, வண்டி ஓட்டத் தெரியாது, இந்த வயதில் தனியாக எங்கே இருப்பாய்?

ஒரு வழி யோசித்தேன். கார் கொட்டகையின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்திருக்கிறேன். மின் இணைப்பு இருக்கிறது. டிவியையும் அலமாரியையும் அங்கே வைக்கலாம். சபையார் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நீ வேண்டும்போது போய் உட்காரலாம்.

யோசித்து எழுது.

கின்-போ

*

சாம் சுய் போ
18 மார்ச் 1994

தம்பி கின்-போவுக்கு,

வயிற்றுக்கு மருந்து விடாமல் சாப்பிடு.

அப்பாவைக் காரோடு நிறுத்தப் பார்க்கிறாய். வாழ்நாளில் ஒரு காரில்கூட ஏறாத மனிதர். யாருக்கும் தெரியாமல் இருக்க அவர்கள் திருடிக்கொண்டு வந்தவர்கள் இல்லை. வேண்டாம்.

உங்கள் ஊர் ஃபூட்ஸ்க்ரேயில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஃபங் என்பவர் முன்பு என் வாடிக்கையாளர். புறப்படும்போது டிவியை எடுத்துப்போகவா என்று கேட்டார். வேண்டாம், என்னிடம் கொடுங்கள் என்று நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவருக்கு ஃபோன் செய்தேன்.

"எந்த முதலாளியம்மா? என் டிவியத் தட்டிப் பறிச்சீங்களே, அவங்களா?"

"அவளேதான். மாடியில ரூம் இருக்கா?"

"இருக்கு. படி செங்குத்து."

"டிவி ஏறுமா?"

"டிவியோடயா வர்றீங்க?" மனுஷன் சிரித்த சிரிப்பில் எனக்கு இரைச்சல்தான் கேட்டது. "எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"ஆமா. வாடகையச் சொல்லுங்க."

கீழே கடையில் காலை நேரத்துக்கு நிற்கவும் ஆள் வேண்டுமாம். வருகிறவர்களில் பாதி வியட்நாம்காரர்கள், பாதி நம்மவர்கள். கூட்டல் கழித்தலுக்கு இங்கிலீஷ் வேண்டாம்.

சாமான்கள் கப்பலேறிவிட்டன. பெயர்ப்பலகை மட்டும் சிவப்புத் துணியில் சுற்றி என் மடியில் வரும். ஏப்ரல் பதினொன்று. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அக்கா
யுக்-லின்

*

ஃபூட்ஸ்க்ரே, மெல்போர்ன்
15 மே 1994

தம்பி கின்-போவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று தபால்காரர் நினைப்பார். நினைக்கட்டும். மேய்-குவான் நலமா? இந்த ஊர்க் குளிர் எலும்புவரை போகிறது. மேல்கோட்டு பற்றி நீ சொன்னது மட்டும் பொய் இல்லை.

விமான நிலையத்துக்கு வந்தாய். பெட்டியைத் தூக்கினாய். என் மடியில் இருந்ததைப் பார்த்தாய், வழி முழுக்க வானிலையைப் பற்றிப் பேசினாய். மாடிப்படி வரை வந்து "வேல இருக்குக்கா" என்று திரும்பிவிட்டாய். ஒரு மாதம் ஆகிறது.

சாமான்கள் வந்துவிட்டன. பூச்சியும் இல்லை, உடையவும் இல்லை. ஃபங்கும் மீன்கடைக்காரர்கள் இரண்டு பேரும் டிவியை மேலே ஏற்றினார்கள். படியிலேயே என்னை வைத வசவுகளை அம்மா கேட்டிருந்தால் மனப்பாடம் செய்திருப்பாள். இப்போது கீழே டிவி, மேலே அவர்கள் இருவரும், எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. சுவர் அளவு சரியாக இருந்தது. நானே அளந்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு. நம் கணக்கில் நான்காம் மாதம் பத்தொன்பது. என்ன நாள் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

உன்னை ஊதுவத்தி பிடிக்கச் சொல்லமாட்டேன். தலை குனியச் சொல்லமாட்டேன். உன் பங்கை உனக்காக நானும் ஏற்றமாட்டேன். டிவி பார்க்க வா, அவ்வளவுதான். புது நாடகத்தின் டேப் எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா வீட்டில் டிவி பார்த்தேன் என்றால் உன் சபையும் கோபிக்காது. டிவி பார்க்கிறவன் டிவி இருக்கிற பக்கம் திரும்பித்தான் உட்கார வேண்டும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆறு மணிக்குச் சோறு. வராவிட்டால் உன் கிண்ணத்தையும் நானே சாப்பிடுவேன். எனக்குப் பசிக்கும்.

அக்கா
யுக்-லின்

*

மெல்போர்ன்
23 மே 1994

அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். அறைக்கு ஒரு மின் கணப்பு கொண்டு வருகிறேன்.

ஞாயிறு ஆறு மணிக்கு வருகிறேன். டிவி பார்க்க.

மேய்-குவான் சோயா கோழி செய்து தருகிறாள். நமக்காக மட்டும் செய்ததாம். அதை மேலே படைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

கின்-போ

*

ஃபூட்ஸ்க்ரே
2 ஜூன் 1994

பியூ அண்ணனுக்கு,

சுகமா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா? பேஜர்காரன் வாடகைக்காக வாக்குவாதம் செய்தால் எனக்கு எழுதுங்கள், இங்கிருந்தே திட்டுகிறேன்.

டிவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். படம் சுத்தம். சத்தம் வருகிறது, ஆனால் பின்னால் தேனீக்கூடு மாதிரி ஓர் இரைச்சல். அது உங்கள் கைவரிசை. இங்கிலீஷைவிட அந்த இரைச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அம்மா இறந்த நாளன்று கின்-போ வந்தான். கணப்பையும் கோழியையும் இறக்கி வைத்தான். கோழியை மேலே வைக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான். அம்மாவுக்கு நான் தனியாக மீன் வைத்திருந்தேன். அன்றைக்கும் என் பங்கு மூன்று ஊதுவத்திதான் ஏற்றினேன்.

கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மாடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பெரிசா இருக்கே" என்றான். "இருபத்தொம்பது" என்றேன்.

டேப்பைப் போட்டேன். மாமியாரும் மருமகளும் கடைச் சாவிக்காகச் சண்டை போடும் கதை. மருமகள் சாவியைக் கிணற்றில் போடுவதற்குள் அவன் கோட்டு தானாகக் கழன்றுவிட்டது, நாற்காலியும் முன்னால் நகர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சோற்றுக் கிண்ணத்தை அவன் கையில் வைத்தேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அண்ணா. குச்சியைத் தூக்கினான்.

"அப்பா சாப்பிடுங்க, அம்மா சாப்பிடுங்க, அக்கா சாப்பிடு."

ஒரே மூச்சில். அதே அவசரம். சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கே கேட்டது போல. குச்சி பாதி வழியில் நின்றது. அப்போதுதான் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சாப்பிடுடா. ஆறிடும்."

இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். மீனிலும் எடுத்தான், கோழியிலும் எடுத்தான். போகும்போது, சாவி கிடைத்ததா இல்லையா என்று அடுத்த டேப்பில் தெரியுமா என்று கேட்டான். தெரியாமல் என்ன, அடுத்த ஞாயிறு வா என்றேன். மேய்-குவானுக்கும் நாடகம் பிடிக்குமாம், கூட்டி வரலாமா என்றான். பச்சை சோபாவை விட்டுவிட்டு வரச் சொன்னேன், இங்கே இடமில்லை.

தொண்ணூற்றேழு நெருங்க நெருங்க உங்கள் மேசைக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். டிவியை எடுத்துப் போகலாமா, வேண்டாமா என்று யார் கேட்டாலும் என் பழைய பதிலைச் சொல்லாதீர்கள். எடுத்துப் போகச் சொல்லுங்கள். நமக்கு வியாபாரம் கெட்டால் கெடட்டும்.

அந்த இரைச்சலுக்கு மட்டும் என்ன வழி என்று எழுதுங்கள்.

யுக்-லின்